மருமகள் ஏன் முடி வெட்டினாள்

1

பேரனுக்கு முதல் சோறு ஊட்டிய அன்று எடுத்த படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டேன். படத்தில் நான் இருக்கிறேன், என் மகன் சுரேஷ் இருக்கிறான், மடியில் பிள்ளையோடு என் மருமகள் பவித்ரா இருக்கிறாள். பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, நெற்றியில் குங்குமம். தலையில் மட்டும் ஆம்பளைப் பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிய முடி. அன்றைக்குத் தொடங்கிய போன் இன்னும் ஓயவில்லை.

போளூரிலிருந்து என் நாத்தனார் கேட்டாள், "இன்னா அண்ணி, மருமவளுக்கு ஒடம்பு எதுனா சரியில்லியா? ஒளிக்காம சொல்லு." சித்தப்பா மகன், "வேண்டுதலா அக்கா? எந்தக் கோயிலு?" என்றான். இன்னொருத்தி, பேர் வேண்டாம், என்னிடம் குழந்தையை விசாரித்துவிட்டு, போனை வைக்காமலே பக்கத்தில் இருந்தவர்களிடம், "பெங்களூரு போனா பொம்பளைங்க இப்டித்தான் ஆயிடறாளுங்க" என்றாள். என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது.

ஒவ்வொருத்தருக்காகச் சொல்லி வாய் வலிக்கிறது. நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து போடுகிற ஊர் மலருக்கு நீயும் ஏதாவது எழுது என்று வருஷா வருஷம் கேட்பார்கள். அஞ்சாம் வகுப்புக்காரிக்கு என்ன எழுத்து என்று நான் தட்டிக் கழிப்பேன். இந்த வருஷம் எழுதிவிடுகிறேன். எல்லோரும் ஒரே தடவையாகப் படித்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்கள் நம் ஊரில் யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தால் சொல்கிறேன். பெங்களூர் ஹெப்பகோடியில் கன்னியம்மா மெஸ் எங்கே என்று எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் கொண்டுவந்து இறக்குவார். நான் வந்தபோது இங்கே தைலமரமும் கேழ்வரகுக் கொல்லையும்தான். நடுவில் நாலைந்து கம்பெனி. கம்பெனி வாசலில் அலுமினியக் குண்டானை இறக்கி வைத்து இட்லி விற்றேன். சுரேஷ் ஏழாவது படிக்கும்போது அவன் அப்பா போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாளே நான் அடுப்பு மூட்டினேன். ஊரில் அதற்கும் பேசினார்கள். பேசினவர்கள் யாரும் எனக்கு ஒரு படி அரிசி கொடுக்கவில்லை. இன்றைக்கு இரண்டு ஷிப்டுக்குச் சோறு போடுகிறேன். ஒரிசாப் பையன் என் வத்தக்குழம்பை இன்னொரு கரண்டி கேட்கிறான். கீழே மெஸ், மேலே வீடு. ஒவ்வொரு செங்கல்லும் நான் நின்று வைத்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலில் ஒருத்தியை எழுப்புவது ருசி, கவிழ்ப்பது முடி. சாம்பாரில் ஒரு முடி கிடந்தால் போதும், அந்த மேஜையே அடுத்த நாள் எதிர்க் கடையில் உட்கார்ந்திருக்கும். அதனால் என் சமையல்கட்டில் தலையில் துணி கட்டாமல் யாரும் கால் வைக்க முடியாது. நானே துணி கட்டித்தான் உள்ளே போவேன். என் இலையில் முடி கிடந்தது என்று இன்றுவரை ஒரு ஆள் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட என் வீட்டுக்குள்தான் முடி வந்தது.

2

பவித்ரா கோபிச்செட்டிபாளையத்துப் பெண். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சுரேஷும் அவளும் ஒரே மாடியில் வேலை பார்த்தார்கள். பார்த்ததும், பேசியதும், முடிவு செய்ததும் அவர்கள்தான். நான் போய்த் தட்டு மாற்றினேன். பெண் பார்க்கப் போன அன்று அவள் எழுந்து உள்ளே போகும்போது பின்னலைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே ஒரு சாண். சரி, என் மகனுக்குக் கண் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிரசவம் அவள் அம்மா வீட்டில். பிள்ளைக்கு அஞ்சாம் மாதம் தொடங்கியதும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆரத்தி எடுத்து, வாசலில் கொட்டிவிட்டுத் திரும்பினால், அவள் குனிந்து செருப்பைக் கழற்றுகிறாள். பின்னல் முன்னால் விழுந்தது. எலிவால். எனக்கு வாய் நிற்காது.

"எங்கம்மா போச்சு பாதி முடி? கோபியிலயே விட்டுட்டு வந்துட்டியா?"

அவள் சிரித்தாள். "ஆமாங்க அத்தை. மீதி அடுத்த பஸ்ல வருதுங்க."

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்தான் இருந்தது. அவளுக்கு முடி கொட்டியது சாதாரணமாக இல்லை. தலையணையில், குளியலறைச் சல்லடையில், பிள்ளையின் தொட்டிலில், சுரேஷின் சட்டைக் காலரில், நான் மடித்து வைத்த துணியில் எல்லாம் முடி. சீப்பை வைத்தால் கற்றையாக வரும். அவள் அதைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அலமாரிக்குப் பின்னால் வைத்தாள். குப்பையில் போடம்மா என்றால், "போடறேனுங்க" என்பாள். போட மாட்டாள். நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறிவிட்டன. கண்ணாடிக்கு முன்னால் நின்று வகிட்டை இந்தப் பக்கம் மாற்றுவாள், அந்தப் பக்கம் மாற்றுவாள், பிறகு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவாள். கம்பெனிக் கூட்டாளிகள் பிள்ளையைப் பார்க்க வருகிறோம் என்றால் ஏதாவது சாக்கு. வீடியோவில் அவள் அம்மா கூப்பிட்டால் பிள்ளை முகத்தை மட்டும் காட்டுவாள்.

ஒருநாள் என்னிடம் கேட்டாள். "இது நிக்குமுங்களா அத்தை?"

"நிக்காம? புள்ள முகம் பாக்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டும். உன்ன பாத்து சிரிக்கிறான் இல்ல, அதுக்குக் கூலி வாங்கறான்."

"உங்களுக்கும் கொட்டுச்சுங்களா?"

கொட்டியதா என்று யோசித்துப் பார்த்தேன். சுரேஷ் பிறந்து முப்பதாம் நாள் நான் களை எடுக்கப் போனேன். அந்த வருஷம் முழுக்கக் கண்ணாடி பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. "யாருக்குத் தெரியும்" என்றேன்.

நான் சும்மா இருக்கிற ஆளா? கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை எல்லாம் போட்டுக் காய்ச்சினேன். ஹோசூரிலிருந்து மரச்செக்கு எண்ணெய் வரவழைத்தேன். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டுக்கால் சூப் எல்லாம் கொடுத்தேன். கொடுத்ததை எல்லாம் மறுக்காமல் சாப்பிட்டாள். முடி தன் பாட்டுக்குக் கொட்டியது. சுரேஷ் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனான். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கொட்ட வேண்டியது கொட்டாமல் நிற்குமாம், பிறந்த பிறகு எல்லாம் சேர்ந்து கொட்டுமாம். பயப்பட ஒன்றுமில்லை, ஒரு வருஷத்தில் பழையபடி வந்துவிடும் என்று சொன்னார்களாம். புருஷனும் பெண்டாட்டியும் இதை இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். என் வீட்டில், என் சோபாவில் உட்கார்ந்து எனக்குப் புரியாத பாஷை. பழகிவிட்டது. நான் கன்னடம் பேசக் கற்றுக்கொண்டேன், இந்திக்காரனிடம் பாக்கியை இந்தியில் கேட்கக் கற்றுக்கொண்டேன். பெற்ற பிள்ளை பேசுகிற பாஷை மட்டும் எனக்கு வரவில்லை.

3

ஒருநாள் மத்தியானம், பந்தி நடக்கிற நேரம். மேலே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. சாதாரண அழுகை இல்லை. இழுத்து இழுத்து, மூச்சு நின்று, மறுபடி வீறிட்டு அழுதான். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பவித்ரா பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தாள். பால் கொடுத்தால் வாங்கவில்லை. காய்ச்சல் இல்லை. வயிறு மெத்தென்று இருந்தது.

"டாக்டர்கிட்ட போயர்லாமுங்களா அத்தை?"

"எதுக்கு? உரம் விழுந்திருக்கு. தூக்கும்போது கழுத்து பொரண்டிருக்கும். நான் எடுத்துடறேன்."

உரம் எடுப்பதில் இந்த ஹெப்பகோடியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கன்னடக்காரர்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மெஸ்ஸில் எனக்குக் கூடமாட இருக்கிற சரோஜாவைக் கூப்பிட்டேன். பழைய நூல் புடவையை விரித்து, பிள்ளையை நடுவில் படுக்க வைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் உருட்டினோம். உரம் இருந்தால் இதிலேயே அடங்கும். அடங்கவில்லை. இன்னொரு தடவை உருட்டினோம். அப்புறம் சரோஜா திருஷ்டி என்றாள். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டோம். நெடி வரவில்லை, திருஷ்டியேதான் என்று அவள் சாதித்தாள். பிள்ளை அழுது அழுது குரல் கம்மிவிட்டது. பவித்ரா அதற்குள் ஆட்டோ பிடித்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. நான்தான் பின்னாலேயே போய் ஏறினேன்.

ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் குழந்தை பேர் என்ன, ஆதார் எங்கே என்றார்கள். ஆதிரன் என்று சொன்னோம். கோபியில் பிறந்தபோது கொடுத்த சீட்டில் 'பவித்ராவின் ஆண் குழந்தை' என்று இருந்தது. இரண்டும் ஒரே குழந்தைதானா என்று அந்தப் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தே கேட்டான். "அவளும் இங்கதான் இருக்கா, கொழந்தையும் இங்கதான் இருக்கு, நேர்ல பாருப்பா" என்றேன். தமிழ்ப் பையன்தான், சிரித்துவிட்டு உள்ளே விட்டான்.

உள்ளே ஒரு வயசான நர்ஸம்மா. "யாவாகிந்த அள்த்திதே மகு?" என்று, எப்போதிலிருந்து அழுகிறான் என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே பிள்ளையின் சட்டை, ஜட்டி, கடைசியில் காலுறை எல்லாவற்றையும் கழற்றினார். பெங்களூர்க் குளிருக்கு நான்தான் காலுறை போட்டு வைத்திருந்தேன். இடது காலில் மூன்றாவது விரல் கருஞ்சிவப்பாக, பழுத்த கோவைப்பழம் மாதிரி வீங்கி இருந்தது. அடியில் சதை இரண்டாகப் பிளந்தது போல ஒரு கோடு. நான் பூச்சி கடித்தது என்றுதான் நினைத்தேன். டாக்டர் பெரிய லைட்டைப் போட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு ஊசி மாதிரி ஒரு சின்னக் கத்தரியை உள்ளே விட்டு எதையோ அறுத்தார். இடுக்கியால் வெளியே இழுத்தார்.

முடி. விரலைச் சுற்றிச் சுற்றி, சதைக்குள் இறங்கி இருந்த ஒரே ஒரு முடி. வெள்ளைப் பஞ்சின் மேல் வைத்தார்.

என் தலை வெள்ளை. சுரேஷுக்குக் கட்டை முடி. அந்த முடி கறுப்பாக, நீளமாக இருந்தது.

பிள்ளை கொஞ்ச நேரத்தில் தேம்பலை நிறுத்திவிட்டான். டாக்டர் நல்ல மாதிரி. பிள்ளை பெற்றவர்களுக்கு முடி கொட்டுகிற காலத்தில் இது நடக்கிறதுதான், யார் தப்பும் இல்லை, காலுறையைத் திருப்பிப் பார்த்துப் போடுங்கள், தினமும் விரலைப் பாருங்கள் என்றார். இன்னும் தாமதித்திருந்தால் விரலுக்கு ஆபத்தாகியிருக்கும் என்பதையும் சொன்னார். புடவையில் உருட்டிய நேரம் எனக்கு நெஞ்சில் வந்து நின்றது. பவித்ரா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னுதுங்க அத்தை" என்றாள்.

4

விரல் நான்கைந்து நாளில் ஆறிவிட்டது. அவள் ஆறவில்லை.

அன்றிலிருந்து பிள்ளையைத் தூக்க மாட்டேன் என்றாள். வாயால் சொல்லவில்லை. தூக்கவில்லை, அவ்வளவுதான். முதலில் தலையில் பிளாஸ்டிக் தொப்பி போட்டு, அதன்மேல் துணி கட்டி, பால் மட்டும் கொடுத்தாள். கொடுக்கும்போதே பிள்ளையின் கை விரல், கால் விரல், கழுத்து மடிப்பு எல்லாம் விரித்து விரித்துப் பார்ப்பாள். பிள்ளை பால் குடிப்பானா, இவள் சோதிக்கிறதைத் தாங்குவானா? திமிறுவான். அவள் பயந்து கீழே விட்டுவிடுவாள். பிறகு பாலைக் கருவியில் எடுத்துப் பாட்டிலில் கொடுத்தனுப்பினாள். பிறகு பாலும் குறைந்துபோனது.

அவள் படுக்கை பக்கத்து அறைக்குப் போனது. நாள் முழுக்க வீட்டைக் கூட்டுவாள். கூட்டின இடத்தையே மறுபடி கூட்டுவாள். குனிந்து தரையை ஒட்டி வெளிச்சத்தில் பார்ப்பாள். நான் அரிசியில் கல் பார்ப்பதைக் காட்டிலும் கவனமாகப் பார்ப்பாள்.

பிள்ளை முழுக்க என் கைக்கு வந்தான். குளிப்பாட்டுவது, பாட்டில் கொடுப்பது, தூங்க வைப்பது எல்லாம் நான். இடுப்பில் அவனை வைத்துக்கொண்டே கணக்குப் பார்த்தேன், காய்க்காரனோடு சண்டை போட்டேன், பரிமாறுகிற பையன்களை விரட்டினேன். இந்த வயசிலும் முடிகிறது பார் என்று ஊருக்கே காட்டினேன். சரோஜாகூடச் சொன்னாள், "அக்கா, இனிமே அவன் உன் புள்ளதான்." எனக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது. சுரேஷை நான் இப்படி வைத்திருந்ததில்லை. அவனைக் கூடையில் போட்டு அடுப்புப் பக்கம் தள்ளி வைத்துத்தான் இட்லி அவித்தேன்.

சுரேஷுக்கு முகம் வாடிப்போனது. ஒருநாள் கடை சாத்துகிற முன்னால் வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"அம்மா, அவளுக்கு மனசு சரியில்ல. டாக்டர் பேசிட்டிருக்காங்க. வாரத்துக்கு ஒரு தடவ வீடியோவுல."

"போன்ல பாத்து மனசுக்கு வைத்தியமா?"

"கிண்டல் பண்ணாதம்மா. புள்ள பெத்தவங்களுக்கு இப்டி வருமாம். கொஞ்சம் கொஞ்சமா அவளையே தூக்க விடணுமாம். அவன் அழுதாலும் நீ உடனே போய் வாங்கக் கூடாதாம்."

"நான் இன்னா புடுங்கியா வச்சிருக்கேன்? அவ குடுக்கறா, நான் வாங்கறேன்."

எழுந்து மேலே போனான். சொல்லாத பதில் எனக்குக் கேட்டது.

அந்த வாரத்தில்தான் பவித்ரா கீழே வந்தாள். மத்தியானப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. கையில் தையல் கத்தரி.

"அத்தை, இதை ஒட்ட வெட்டி விடுங்க."

"எதை?"

"முடியை. இருந்தாத்தானே கொட்டும்."

தாலி கட்டின பெண், புருஷன் கல் மாதிரி இருக்கிறான், வெள்ளிக்கிழமை வேறு. "வாய கழுவு. நம்ப வழக்கத்துல சுமங்கலி தலைல கத்தரி வைக்க மாட்டாங்க."

"கொட்டிட்டேதானுங்க இருக்கு. அது வழக்கமுங்களா?"

"அது தானா கொட்டறது. வெட்டறது நம்ம கை. எனக்குப் புருஷன் போனப்பவே எவளும் என் தலையில கை வைக்கலடி. வச்சிருந்தா கைய முறிச்சிருப்பேன். நீ எதுக்கு வெட்டிக்கணும்?"

அவள் நின்றபடியே நின்றாள். நான் கொஞ்சம் இறங்கி வந்தேன். எனக்கு வியாபார மூளை, வழி தெரியாமல் போகாது. "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். புள்ளைக்கு எப்டியும் குலசாமி கோயில்ல மொட்ட போடணும். அதோட உனக்கும் போட்டுடலாம். புள்ளைக்காக வேண்டிக்கிட்டன்னு சொன்னா ஊர்ல ஒருத்தி வாயத் தொறக்க மாட்டா."

"நான் வேண்டிக்கலையேங்க."

"சொல்றதுக்கு இன்னா?"

"ஊருக்குச் சொல்லலாமுங்க அத்தை. சாமிகிட்டப் போய் எப்படிங்க பொய் சொல்றது?" மெதுவாகத்தான் சொன்னாள். "மொட்டைக்கு நாள் பார்த்து, பங்காளியெல்லாம் கூட்டி, அதுக்கு இன்னும் எத்தனை மாசமோ. அதுவரைக்கும் நான் எம் புள்ளையத் தொடாம இருக்கோணுமுங்களா?"

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அழகு போய்விட்டதே என்று அவள் அழுவதாகத்தான் நான் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அழகு இல்லை கணக்கு. தன் உடம்பிலிருந்து விழுகிற ஒன்று தன் பிள்ளையை அறுக்கும் என்று பயந்துகொண்டிருந்தாள். அப்படியும் கத்தரியை நான் வாங்கவில்லை. "போ, போய்ப் படு" என்றேன். கத்தரியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

5

அடுத்த திங்கட்கிழமை. காலை டிபன் முடிந்து, மத்தியானத்துக்கு உலை வைக்கிற முன்னால் ஒரு இடைவெளி வரும். அந்த நேரத்தில் மேலே பிள்ளைக்குப் பாட்டில் கலக்கிக்கொண்டிருந்தேன். சுரேஷ் ஆபீஸில். பவித்ரா எங்கே போனாள் என்று தெரியாது. கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தலையில் துப்பட்டா. நேரே குளியலறைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாள்.

பார்லரில் வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். காது இரண்டும் வெளியே தெரிந்தன. கழுத்து மெலிந்து தெரிந்தது. இவ்வளவு சின்ன மண்டையா இவளுக்கு என்று தோன்றியது. எனக்குக் கோபம் மூக்கு வரைக்கும் வந்தது. நான் வேண்டாம் என்று சொன்ன பிறகு என் வீட்டில் நடந்த முதல் காரியம் அது.

அவள் என் கோபத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினாள்.

"புள்ளையக் குடுங்க அத்தை."

வாரக்கணக்காக அவள் கேட்காத வார்த்தை. கொடுத்தேன். அதாவது, கொடுக்கப் போனேன். பிள்ளை அவளைப் பார்த்தான். கண்ணை விரித்துப் பார்த்தான். உதடு பிதுங்கியது. சட்டென்று திரும்பி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ரவிக்கையைக் கெட்டியாகப் பிடித்து அழ ஆரம்பித்தான். யாரோ அந்நிய ஆளைப் பார்த்த மாதிரி.

எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. பிள்ளைக்கு யாரைத் தெரிகிறது பார் என்று. எழுதத் தொடங்கிவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

பவித்ராவின் கை கீழே இறங்கியது. முகத்தில் அழுகைகூட இல்லை. "பரவாயில்லீங்க அத்தை. பயந்துக்கறான். அப்புறமா வாங்கிக்கறேன்."

இத்தனை வருஷம் ஆட்களை வைத்து வேலை வாங்கியவள் நான். 'அப்புறமா' என்று ஒருத்தர் சொன்னால் அது எந்த அப்புறம் என்று எனக்குத் தெரியும். அந்த அப்புறம் வராது. அவள் திரும்பிப் பக்கத்து அறைக்குப் போயிருந்தால், நான் பாட்டிலைக் கொடுத்துத் தூங்க வைத்திருப்பேன். அதோடு பிள்ளை என்னுடையவன்தான்.

"உக்காரு" என்றேன்.

"அத்தை?"

"கீழ உக்காரு. சொவத்துல சாஞ்சிக்கோ."

உட்கார்ந்தாள். பிள்ளையின் விரல்களை என் ரவிக்கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவன் அலறினான். அவள் மடியில் வைத்தேன், பாட்டிலைப் பக்கத்தில் வைத்தேன், வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினேன். படிக்கட்டில் நின்றேன்.

உள்ளே அழுகை ஏறியது. இந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். சரோஜா கீழேயிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தாள்.

"அக்கா, கொழந்த அப்டி அழுவுது, நீ இன்னா இங்க நிக்கிற?"

"அவங்க அம்மா உள்ள கீறா."

"அப்ப ஏன் அழுவுது?"

"அழுவட்டும்."

"இன்னாக்கா பேசற. வுடு, நான் போய் வாங்கறேன்." என்னைத் தாண்டிக் கதவுக்குக் கை நீட்டினாள். நான் கையைக் குறுக்கே வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே இரண்டு படி இறங்கி அங்கேயே நின்றாள்.

உள்ளேயிருந்து பவித்ரா கூப்பிட்டாள். "அத்தை."

என்னை யார் கூப்பிட்டும் நான் போகாமல் இருந்ததில்லை. பந்தியில் எந்த மூலையில் யார் கூப்பிட்டாலும் அடுத்த நிமிஷம் கரண்டியோடு நிற்பேன். என் பேரே அதுதான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அத்தை, வாங்க. என்னால முடியலீங்க."

கம்பியை நான் விடவில்லை.

கொஞ்ச நேரம் பிள்ளையின் சத்தம் மட்டும். அப்புறம் அவள் குரல் கேட்டது. என்னிடம் பேசுகிற குரல் இல்லை, சுரேஷோடு இங்கிலீஷ் பேசுகிற குரலும் இல்லை. அவள் ஊர்க் குரல். "சாமி... ஏஞ்சாமி... இங்க பாரு கண்ணு. அம்மா. அம்மாதான் கண்ணு. எங்கீமு போவுல சாமி. இங்கியேதான் இருக்கறன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அழுகை இறங்கும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். அவளும் அழுகிறாள் என்று தெரிந்தது. பிறகு எது யார் அழுகை என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிறகு சத்தம் நின்றது.

சரோஜா என்னைப் பார்த்தாள். போய்ப் பார்க்கட்டுமா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். கதவில் காது வைத்துக் கேட்க எனக்கும் ஆசைதான். வைக்கவில்லை.

ஊரில் கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். உடம்பு சரியில்லாமல் இல்லை, வேண்டுதலும் இல்லை, பெங்களூர் நாகரிகமும் இல்லை. பிள்ளையைத் தூக்குவதற்காக வெட்டிக்கொண்டாள். வழக்கத்துக்கு அது சரியா என்று கேட்டால் எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. டாக்டரோடு வீடியோவில் பேசுவதையும் அவள் விடவில்லை, மறைக்க ஒன்றுமில்லை. நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டியாக முளைத்து நிற்கிறது. அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

அன்றைக்கு உலை வைக்க நேரமாகிவிட்டது. கீழே இறங்கினேன். தலையில் துணி கட்டினேன், அரிசி களைந்தேன், குழம்பு கூட்டினேன். பந்தி தொடங்கியது. மேலேயிருந்து சத்தம் வருகிறதா என்று ஒரு காதை வைத்துக்கொண்டே பரிமாறினேன். கடைசி இலை எடுக்கிற வரைக்கும் நான் மேலே போகவில்லை. என்னை யாரும் கூப்பிடவும் இல்லை.